அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

கண்டெடுத்த பழம்பொருள்களை அடையாளம் காணும் பிரிவில் பணியாற்றும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 11 மாதங்களுக்கு முன் உங்களிடம் ஒப்படைத்த இரும்புப் பொருள் போன வாரம் என் கைக்குத் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "இரும்பு. காலம் தெரியவில்லை. பயன்பாடு தெரியவில்லை." மூன்றே வரி.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்த பிறகுதான் கவனித்தேன். மூடியைச் சுற்றி நான் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. அதன் மேல் போட்ட என் கையெழுத்தும் தேதியும் ஓரிடத்தில்கூட விலகவில்லை. பெட்டியோ உள்ளே இருப்பது வெளியே தெரியாத வெள்ளை பிளாஸ்டிக். எக்ஸ்ரே எடுத்திருந்தால் திறக்கவே வேண்டியதில்லை என்று எனக்கும் தெரியும். அதனால்தான் சண்டைக்கு வராமல் முதலில் போன் செய்து கேட்டேன். எக்ஸ்ரே எடுக்கவில்லை என்றார்கள். அப்படியானால் பயன்பாடு தெரியவில்லை என்று எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார்?

என் கோரிக்கை ஒன்றுதான். ஒரு பொருளைப் பற்றி முடிவு சொல்லும்போது, எதையெல்லாம் பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று எழுதித் தாருங்கள். பார்க்க நேரமில்லை என்றால் அதையே எழுதித் தாருங்கள்.

நான் கொண்டுவந்தது என்ன என்று உங்கள் சீட்டைப் படிக்கும் யாருக்கும் தெரியாது என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன். நீளம் 22 செ.மீ., எடை 410 கிராம். ஒரு முனை குழல்போலச் சுருட்டப்பட்டிருந்தது, காம்பு செருகுவதற்கு அமைத்ததுபோல. மறுமுனை தட்டையாகி இரண்டு பக்கமும் பிரிந்து உள்நோக்கி வளைந்திருந்தது. நடுவில் ஒரு வளையம். உழுகருவியின் பாகமாக இருக்கலாம், எதையோ தூக்கி மாட்டும் கொக்கியாக இருக்கலாம், நான் யோசித்தே பார்க்காத ஒன்றாகவும் இருக்கலாம். நில உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கித்தான் மெட்டல் டிடெக்டரோடு இறங்கினேன். எந்த இடம், எத்தனை ஆழம், எந்த மாதிரி மண், எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். அந்தத் தாளும் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்திருக்கிறது.

இதில் என்னால் தாங்க முடியாதது வேறு. அந்தக் குழலின் உட்புறத்தில், துருவின் மேல் மரத்தின் வரிகள் பதிந்திருந்தன. இரும்போடு ஒட்டி இருக்கும் மரம் மண்ணுக்குள் மக்கும்போது, துருவில் உள்ள தாதுக்கள் அதன் நார்களுக்குள் இறங்கி மரத்தின் உருவத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். மரம் போய்விடும், அச்சு நிற்கும். துணி, தோல் போன்றவற்றுக்கும் இப்படி நடப்பது உண்டு. நல்ல நுண்ணோக்கி இருந்தால் அந்த அச்சை வைத்து அது என்ன மரம் என்றுகூடச் சில நேரம் சொல்ல முடியும். இது காம்பு போட்ட கருவிதான் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். அதனால்தான் ஒரு பிரஷ்கூட அதன் மேல் படவிடவில்லை. சுத்தம் செய், பளபளப்பாக்கு, அப்புறம் தெரியும் என்று நண்பர்கள் சொன்னபோதும் கேட்கவில்லை.

இப்போது அந்த வரிகள் இல்லை. பெட்டியின் அடியில் செதில் செதிலாக உதிர்ந்து கிடக்கின்றன. பொருள் மட்டும் 352 கிராம் இருக்கிறது. மண்ணிலிருந்து எடுத்த இரும்புக்குள் உப்பின் குளோரைடு தங்கியிருக்கும். காற்றின் ஈரம் பட்டால் அது உள்ளிருந்து புதுத் துருவைக் கிளப்பி, மேல் அடுக்கைப் பிளந்து தள்ளும். இதை நிறுத்தி வைக்க ஈரப்பதத்தை 15 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு, மாதம் ஒருமுறை பார்த்து மாற்றும்படி மூடியின் மேல் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். கொடுத்தபோது மணிகள் நல்ல நீலம். திரும்பி வந்தபோது அத்தனையும் ஈரம் ஏறி வெளிர் ரோஜா நிறம். எத்தனை மாதமாக அப்படிக் கிடந்தனவோ. பூமிக்குள் தாங்கிக் கிடந்தது ஓர் அலமாரியில் 11 மாதம் தாங்கவில்லை.

தெரியவில்லை என்ற சொல் மேல் எனக்குக் கோபம் இல்லை. ரோமானியர் காலத்துப் பன்னிரண்டு முகச் செம்புக்கலவைப் பொருள்களை நீங்கள் அறிவீர்கள். முகத்துக்கு ஒரு வட்டத் துளை, மூலைக்கு ஒரு குமிழ். 1739இல் இங்கிலாந்தில் முதலாவது பதிவானது. இதுவரை நூற்றுக்கும் மேல் கிடைத்துவிட்டன. எதற்காகச் செய்தார்கள் என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை கிடையாது, அக்காலத்து எழுத்து எதிலும் ஒரு குறிப்பும் இல்லை. ஆனால் துளைகளை அளந்து, தேய்மானத்தைப் பார்த்து, இதற்காக இருக்க முடியாது, அதற்காக இருக்க முடியாது என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தெரியவில்லைக்குப் பின்னால் உழைப்பு இருக்கிறது. கிரேக்கத்தின் ஆன்டிகிதெரா தீவருகே மூழ்கிக் கிடந்த பழங்காலக் கப்பலிலிருந்து 1901இல் எடுத்த களிம்பு பிடித்த கட்டியும் அப்படித்தான். மறுவருடம் ஒருவர் உற்றுப் பார்த்ததால்தான் அதில் ஒரு பற்சக்கரம் தெரிந்தது. 2005இல் ஸ்கேன் செய்தபோது உள்ளே மறைந்திருந்த எழுத்துகளையும் படிக்க முடிந்தது.

எங்கள் மேல் உங்களுக்கு உள்ள வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. டிடெக்டர் வைத்திருப்பவர்களில் திருட்டுத்தனமாகத் தோண்டுபவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில், சூரியன், நிலா, நட்சத்திரங்கள் பதித்த பழங்கால வெண்கலத் தட்டான நெப்ரா வான்தட்டை 1999இல் அப்படித் தோண்டியவர்கள் அதன் விளிம்பையும் சிதைத்து, கறுப்புச் சந்தையில் விற்றார்கள். அவர்களுக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் உங்கள் கவுன்ட்டரில் வந்து நிற்பவன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் இல்லை. அவன்தான் வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, கிடைத்த இடத்தையும் மறைக்காமல் சொல்கிறான். அவனிடம் எதையும் கேட்காமல், அவன் எழுதியதையும் படிக்காமல் திருப்பி அனுப்பினால் அடுத்த முறை வருவானா? இங்கிலாந்தில் 1997 முதலும், பிறகு வேல்சிலும் இப்படிக் கொண்டுவருவதைப் பதிவு செய்வதற்கென்றே அலுவலர்களை வைத்திருக்கிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் பொருள்கள் அங்கே பதிவாகியுள்ளன. அத்தனையையும் தங்கமென்று நினைத்தா பதிந்தார்கள்? ஆணி, கொக்கி, பொத்தான் எல்லாம் அதில் உண்டு.

சரி, கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. மன்னியுங்கள். உங்களிடம் ஆள் குறைவு, வேலை அதிகம் என்பதும் தெரியும். அதனால் மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன். எதைப் பார்த்தீர்கள் என்று எழுதித் தாருங்கள். இரும்பை வாங்கும் நாளிலேயே, காத்திருக்கும் காலத்தில் அதன் ஈரப்பதத்தை யார் கவனிப்பார் என்றும் எழுதித் தாருங்கள். உங்களால் முடியாதென்றால் பொருள் எங்களிடமே இருக்கட்டும், பார்க்கும் நாளைச் சொல்லுங்கள், கொண்டுவருகிறோம்.

உதிர்ந்த செதில்களைத் தனி டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் புது மணிகள் போட்டாயிற்று, இன்று காலை பார்த்தபோது நீலமாகவே இருந்தன. செதில்களில் இரண்டு மூன்றில் இன்னும் மரத்தின் வரி தெரிகிறது. எக்ஸ்ரேவுக்கு ஒரு தேதி கொடுங்கள், வருகிறேன். இந்த முறை டேப்பை உங்கள் முன்னால் நானே பிரிக்கிறேன்.

இப்படிக்கு,
அந்தப் பெட்டியைக் கொடுத்தவன்