சதவீதம் கேட்கும் கூட்டங்களும் எடை ஏறாத குழந்தைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்ட ஆய்வுக் கூட்டச் செய்திகளை விடாமல் படிக்கிறவள் நான். மேசையைச் சுற்றி அதிகாரிகள், திரையில் ஒரு பட்டியல், படத்துக்குக் கீழே "இலக்கில் இத்தனை சதவீதம் எட்டப்பட்டது" என்று ஒரு வரி. அங்கன்வாடி பற்றிய கூட்டம் என்றால், எத்தனை குழந்தைகளுக்கு எடை போட்டார்கள், எத்தனை பேரின் விவரம் செயலியில் ஏறியது என்பதோடு செய்தி முடிந்துவிடும். எடை போட்ட குழந்தைக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று தேடிப் பார்ப்பேன். இருக்காது. உங்கள் நிருபர்களைக் குறை சொல்லவில்லை. கூட்டத்திலேயே அந்தப் பேச்சு வந்திருக்காது. பல வருஷம் அப்படிப்பட்ட கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் என்பதால் சொல்கிறேன்.

1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, எங்கள் மதுரை மாவட்டத்தில் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் முதலில் நடத்திப் பார்த்தார்கள். சில வருஷம் கழித்து, பக்கத்து ஒன்றியத்தில் நான் ஊட்டச்சத்துப் பணியாளராகச் சேர்ந்தேன். ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு போடுவது எங்கள் வேலை இல்லை. அதற்கு 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்துவிட்டார். எங்களுக்குக் கொடுத்தது 6 மாதம் முதல் 36 மாதம் வரை உள்ள குழந்தைகளை மட்டும். மாதம் ஒருமுறை எல்லோருக்கும் எடை போட வேண்டும். எடை ஏறாத பிள்ளைக்கும் ரொம்பவும் மெலிந்த பிள்ளைக்கும் 90 நாள் சத்துமாவு உருண்டை. தேறிவிட்டால் நிறுத்திவிட வேண்டும். தேறவில்லை என்றால் கிராம சுகாதார செவிலியரிடம் காட்ட வேண்டும். திட்டம் மொத்தமும் இவ்வளவுதான். எட்டாம் வகுப்பு படித்த எந்தப் பெண்ணும் அதை மனசில் வைத்துக்கொள்ளலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் ஊரில் சண்டை வந்தது. "அவ பிள்ளைக்கு உருண்டை, என் பிள்ளை என்ன பாவம் பண்ணிச்சு?" என்று வாசலில் வந்து நின்றார்கள். எடை ஏறினால் உருண்டை நின்றுவிடும் என்று தெரிந்ததும், ஏறாமல் இருந்தால் நல்லது போல என்று ஒரு தாய் சிரித்துக்கொண்டே சொன்னதும் உண்டு. அதற்கெல்லாம் வளர்ச்சி அட்டைதான் கைகொடுத்தது. தாயின் கண் முன்னால் புள்ளி வைத்துக் கோடு இழுப்போம். போன மாதத்துக் கோடு படுத்துக் கிடந்தால் காய்ச்சலா, பேதியா, பால் மறக்கடித்தீர்களா என்று அங்கேயே பேச்சு ஆரம்பிக்கும். மையத்துச் சுவரில் ஒரு பெரிய அட்டை இருக்கும். ஊரில் எத்தனை குழந்தைகள், எத்தனை பேருக்கு எடை போட்டோம், எத்தனை பேர் உருண்டையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் தேறி வெளியே போனார்கள் என்று அதில் எழுதியிருப்போம். உருண்டை பிடிக்க வரும் மகளிர் குழுப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, "மேலத் தெருவுல மட்டும் ஏன் இத்தனை பேரு?" என்று கேட்பார்கள். எங்களை ஆய்வு செய்தவர்களில் முதல் ஆள் அவர்கள்தான்.

அந்தத் திட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. சம்பளம் என்று சொல்லவே கூச்சப்படும் அளவுக்கு ஒரு மதிப்பூதியம் கொடுத்தார்கள். ஆனால் எதற்காக வேலை செய்கிறோம் என்பதற்கும் எதை எழுதுகிறோம் என்பதற்கும் நடுவில் இடைவெளி இல்லை. திட்ட ஒன்றியங்களில் கடுமையான ஊட்டக்குறைவு குறைந்ததை உலக வங்கியின் மதிப்பீடுகளே பதிவு செய்திருக்கின்றன.

பிற்பாடு நான் அங்கன்வாடி மேற்பார்வையாளர் ஆனேன். அப்போது கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பொய்ப் பதிவேட்டைக் கண்டுபிடிக்கக் கணினி வேண்டாம். தொங்கும் தராசில் துணித் தொட்டில் மாட்டி, அதில் பிள்ளையை உட்காரவைத்தால் வீரிட்டு அழும், காலை உதறும், முள் ஆடிக்கொண்டே இருக்கும். முள் நிற்கும்வரை காத்திருந்து எழுதிய எடை 7.3, 8.1, 6.9 என்று தாறுமாறாகத்தான் வரும். வீட்டில் உட்கார்ந்து எழுதியது 7, 7.5, 8 என்று வரிசையாக இருக்கும். எல்லாப் பிள்ளைக்கும் மாதாமாதம் 200 கிராம் ஏறிக்கொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் எங்கள் பக்கத்தில் பேதியும் சளியும் நிச்சயம், எடையும் விழும். அந்த இரண்டு மாதத்திலும் ஒரு பிள்ளைக்குக்கூட எடை இறங்காத பதிவேட்டை நான் நம்பியதே இல்லை.

ஆனால் அந்தப் பணியாளர்களை ஏன் திட்ட மனசு வரவில்லை என்றால், அப்படி எழுதவைத்தது நாங்கள் நடத்திய கூட்டங்கள்தான். ஒரு அலுவலகத்தில் ஒரு காலத்தில் இருந்த வழக்கத்தைச் சொல்கிறேன். கடும் எடைக்குறைவு அதிகமாகக் காட்டிய மையத்தின் பெயரைச் சபையில் வாசிப்பார்கள். "உன் மையத்தில் மட்டும் ஏன் இத்தனை?" என்று கேள்வி, அதற்கு எழுத்தில் விளக்கம், சில சமயம் மெமோ. அடுத்த மாத அறிக்கையில் அந்தக் குழந்தைகளெல்லாம் ஒரே தாவலில் சாதாரண எடைக்கு வந்திருப்பார்கள். ஆற்றோரத்துக் காலனியில் ஒரு பணியாளர், ஒரு பிள்ளையையும் விடாமல் வீடு வீடாகப் போய் எடை போடுகிறவர், உண்மையை எழுதியதால் பட்டியலில் கடைசியாக வந்தார். வீட்டில் உட்கார்ந்து எழுதியவருக்குப் பாராட்டுச் சான்றிதழ். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எந்த ஊருக்குக் கூடுதல் சத்துமாவு, எந்த ஊருக்கு மருத்துவர் என்று முடிவு செய்தால், எங்கே போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மாற்று வேறு நாட்டில் தேட வேண்டியதில்லை. நம் மாநிலத்திலேயே தாய் மரணத்தை எப்படி விசாரிக்கிறார்கள் என்று பார்க்கலாம். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். வீட்டாரிடம் விசாரணை, மருத்துவமனையில் விசாரணை, அப்புறம் ஆட்சியர் தலைமையில் கூட்டம். எந்த நேரத்தில் வலி வந்தது, வண்டி எப்போது வந்தது, ரத்தம் எங்கே இருந்தது என்று ஒவ்வொரு மரணத்தையும் முதலிலிருந்து கேட்பார்கள். யாரைத் தண்டிக்கலாம் என்பதைவிட எங்கே தாமதம் ஆயிற்று என்பதைக் கண்டுபிடிப்பதுதான் அதன் நோக்கம். 2018–20க்கான மாதிரிப் பதிவுக் கணக்கில், லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. விசாரணை மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ரத்த வங்கியும் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களும் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் அவை எந்த ஊருக்கு முதலில் வேண்டும் என்று காட்டியதில் அந்த விசாரணைகளுக்குப் பங்கு உண்டு.

குழந்தைகள் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. 2018 மார்ச்சில் தேசிய ஊட்டச்சத்து இயக்கம் தொடங்கியபோது, குழந்தைகளின் வளர்ச்சிக் குன்றலை, அதாவது வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் போவதை, வருஷத்துக்கு 2 சதவீதப் புள்ளி குறைப்பது என்றும், 2022க்குள் நாட்டில் 25 சதவீதத்துக்குக் கொண்டுவருவது என்றும் இலக்கு வைத்தார்கள். தமிழ்நாடு 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலேயே அந்த 25இல் நின்றது. பெருமைதான். ஆனால் அதற்கு முந்தைய 2015–16 கணக்கெடுப்பில் நம்முடையது 27.1. அத்தனை வருஷத்தில் இறங்கியது 2 சொச்சம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் ரத்தசோகையோ 50.7இலிருந்து 57.4 ஆக ஏறியிருந்தது. ஏறிய அந்த எண்ணை முன்னால் வைத்து எத்தனை ஆய்வுக் கூட்டம் நடந்திருக்கும்?

2021இல், அங்கன்வாடி விவரங்களை ஏற்றும் போஷன் டிராக்கர் செயலி வந்தது. பதிவேட்டு மூட்டையைத் தூக்கிச் சுமந்தவள் என்பதால் செயலியை நான் வெறுக்கவில்லை. வயதையும் எடையையும் போட்டால் அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறது. நாங்கள் அட்டவணையில் விரல் வைத்துத் தேடினோம். சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தையும் இப்போது செயலியில் சரிபார்க்கச் சொல்கிறார்கள். பொருள் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு அது கணக்கு, சரி. அதைச் சாப்பிட்ட பிள்ளை தேறியதா என்பதற்கு அது கணக்காகாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் எனக்கு வருத்தம். கேள்வி எல்லாம் பணியாளரை நோக்கியே போகிறது: ஏற்றிவிட்டாயா, ஏன் ஏற்றவில்லை. அவர் ஏற்றிய விவரத்தைப் பார்த்துவிட்டு, "உன் மையத்தில் இந்த நாலு பிள்ளை மூன்று மாதமாக ஏறவில்லை, செவ்வாய்க்கிழமை டாக்டர் வருகிறார், கூட்டி வா" என்று ஒரு தகவல் திரும்பி வந்தால், மெமோ கொடுக்காமலே அவர் ஒழுங்காக எடை போடுவார். மாநில அரசின் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் மெலிந்த குழந்தைகளைத் தனியாகப் பிரித்துக் கவனிக்கிறார்கள். அது பழைய பாதை, நல்ல பாதை. அங்கேயும் எத்தனை ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுத்தோம் என்பதைவிட எத்தனை பிள்ளை தேறி வெளியே வந்தது என்பதை முதல் வரியில் போட வேண்டும்.

அரசாங்கத்தை மட்டும் சொல்வது நியாயம் இல்லை. ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊரில் மாலை நேர வகுப்பு நடத்தும் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு அறிக்கை எழுதிக் கொடுக்கிறேன். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் அல்லவா, அதில் கொஞ்சம் எங்களுக்கும் வருகிறது. கொடுத்தவர்கள் அனுப்பும் படிவத்தில் பெரிய கட்டம் 'பயனாளிகள் எண்ணிக்கை'. வகுப்புக்கு வந்த பிள்ளை ஒன்று, நோட்டு வாங்கிய அதே பிள்ளை இன்னொன்று, சுண்டல் சாப்பிட்ட அதே பிள்ளை மூன்றாவது. இப்படி எழுதுவதுதான் பல இடத்தில் வழக்கம் என்று படிவத்தைக் கொண்டுவந்தவரே சொன்னார். தாக்கத்தை வெளியாளை வைத்து மதிப்பிட வேண்டும் என்ற விதி, 10 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்க வேண்டிய நிறுவனங்களின் 1 கோடிக்கு மேற்பட்ட திட்டங்களுக்குத்தான். எங்களைப் போன்றவர்களை யாரும் எட்டிப் பார்க்கப்போவதில்லை.

அதனால் நாங்களே ஒன்று செய்தோம். பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்தும் அசர் கணக்கெடுப்பில் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிச் சோதிப்பார்கள்: எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை. அதே படிகளை வைத்து ஒரு நாற்பது பக்க நோட்டில் பிள்ளைகளின் பெயருக்கு நேரே குறித்து வருகிறோம். ஆசிரியை தானே குறிக்கிறார், யாருக்கும் அனுப்புவதில்லை. 'சொல்'லிலேயே நிற்கும் பிள்ளைகளை முன்பெஞ்சுக்குக் கொண்டுவந்து தினம் பத்து நிமிஷம் தனியாகப் படிக்கவைக்கிறார். நன்கொடையாளரிடம் இந்த நோட்டைக் காட்டினோம். பார்த்தார், நல்லது என்றார், பயனாளிகள் கட்டத்தை மட்டும் சீக்கிரம் நிரப்பி அனுப்பச் சொன்னார்.

ஆய்வு நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. சுவர் அட்டையைத் திரும்ப மாட்டுங்கள், செயலி எவ்வளவு நவீனமாக இருந்தாலும். கூட்டத்தில் சதவீதத்துக்கு அஞ்சு நிமிஷம் போதும். மீதி நேரத்துக்கு, மூன்று மாதமாகத் தேறாத மூன்று பிள்ளைகளின் அட்டையை எடுத்துவரச் சொல்லி, அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். எடைக்குறைவைக் கண்டுபிடித்துச் சொன்னவருக்கு மெமோ கிடையாது என்று எழுத்தில் கொடுங்கள். கடைசியாக, தராசு. காய்கறிக் கடைத் தராசுக்குத் தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து முத்திரை போடுகிறார், போடாவிட்டால் அபராதம். அங்கன்வாடித் தராசுக்கும் அதேபோல் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதனை வையுங்கள். வட்டாரத்துக்கு ஒரு 5 கிலோ படிக்கல் வாங்கிக் கொடுத்தால் மேற்பார்வையாளர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி மேற்பார்வையாளர்,
மேலூர், மதுரை மாவட்டம்.