செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு மண்டபத்தின் இரண்டு மாடி ஏறி வந்திருக்கும் அண்ணன், அக்கா, ஆச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். மின்விசிறி இரண்டுதான் ஓடுகிறது. அதனால் வழக்கமான வேலைகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு மும்பை தாராவியின் 90 அடி சாலையில் பானை வைத்தோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தோம். ரத்ததான முகாம் நடந்தது. தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு பற்றித் தனிக்கூட்டமே போட்டு மூன்று மணி நேரம் சண்டை போட்டுவிட்டதால் அதை இங்கே திரும்ப இழுக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் படிப்பார்.

மீதி நேரம் முழுக்க, சிறையில் இருப்பவர்களைப் போய்ப் பார்த்து உதவ நம் சங்கம் அமைத்த சிறைக் குழுவைப் பற்றி. போன பொதுக்குழுவில் அதை அமைத்தபோது ஒரு பெரியவர் எழுந்து, "திருட்டுப் பயலுகளுக்குச் சங்கப் பணமா?" என்று கேட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பணம் என்று பார்த்தால் ரயில் டிக்கெட்டும் ஜெராக்ஸும்தான் செலவு. ஆனால் அவர் கேட்டதற்கு ஒழுங்கான பதில் வேண்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி நாட்டுச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. திருடினானா இல்லையா என்று முடிவாகாத நம் சந்துப் பையனும் அந்தக் கணக்கில்தான் வருகிறான். நம்ம மும்பை ஆர்தர் ரோடு சிறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1926-இல் திறந்தது. சுமார் 800 பேருக்கென்று இருந்த இடத்தில் பல வருடங்களாக அதைப்போல மூன்று, நான்கு மடங்கு ஆட்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று யார் பார்ப்பது? சிறை மாநில அரசின் பொறுப்பு. சிறையைச் சிறைத்துறையே பார்த்து "எல்லாம் நலம்" என்று எழுதிக்கொண்டால் அது மாமியார் வீட்டுக் கல்யாணத்துக்கு மாமியாரே மொய் எழுதிய கதை. சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. மகாராஷ்டிரத்தில் 1962-லேயே சிறைப் பார்வையாளர் விதிகள் வந்துவிட்டன. நீதிபதி, ஆட்சியர் போன்ற அதிகாரிகளோடு பொதுமக்களில் சிலரும் 'அலுவல் சாராப் பார்வையாளர்' என்று உள்ளே போகலாம். மத்திய அரசின் 2016 மாதிரிச் சிறைக் கையேட்டில் பார்வையாளர் குழுவில் சமூகப் பணி செய்பவர்கள் இருவர் வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும் என்று இருக்கிறது. அலுவல் சாராப் பார்வையாளர்களை நியமிப்பதைப் பரிசீலியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல், காவலில் நடக்கும் கொடுமைகள் பற்றிய டி.கே.பாசு வழக்கில் மாநிலங்களுக்குச் சொன்னது. ஆக நாற்காலி போட்டாயிற்று, உட்கார ஆள்தான் இல்லை.

அந்த நாற்காலிக்குத்தான் நம் துணைத்தலைவர், ஓய்வுபெற்ற மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை அக்கா விண்ணப்பம் போட்டார். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. முதல் தடவை 'இந்தப் பிரிவு இல்லை' என்றார்கள். அடுத்த தடவை உரிய பிரிவுக்கே போனோம், அங்கே உரியவர் லீவு. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே வரி வந்தது. மேல்முறையீட்டிலும் அதே வரி, தேதி மட்டும் புதுசு. அக்கா அந்த இரண்டு தாளையும் லேமினேட் செய்து வைத்திருக்கிறார். வேடிக்கைக்கு இல்லை, அடுத்த மனுவோடு இணைக்கத்தான்.

அப்புறம் வேறு வழி பார்த்தோம். ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தின் சட்டத் தன்னார்வலர் பயிற்சிக்கு அக்காவும் இன்னொரு தங்கச்சியும் போனார்கள். அந்த அடையாள அட்டையோடு ஒரு சிறையின் சட்ட உதவி மையத்தில் உட்கார முடிந்தது. பார்வையாளருக்கு உள்ள அதிகாரம் இதில் இல்லை. ஆனால் கண்ணும் காதும் நம்முடையது.

அங்கே தங்கச்சி பார்த்த ஒருவர் விழுப்புரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஆள். இந்தியும் வராது, மராத்தியும் வராது. காதில் சீழ் வந்து இரண்டு வாரமாக ஒரு பக்கமே படுத்திருக்கிறார். அதற்கு முந்தின வாரம்தான் பெரிய அதிகாரி ஒருவர் பேரக்கை, அதாவது கைதிகளை அடைத்திருக்கும் கூடத்தை, சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவரிடம் சொல்லவில்லையா என்று தங்கச்சி கேட்டதற்கு, "என்னமோ கேட்டாரு, நான் சிரிச்சேன்க்கா" என்றாராம். பக்கத்திலேயே ஜெயிலர் நின்றிருக்கிறார். அந்தச் சிரிப்பு 'புகார் இல்லை' என்ற கணக்கில் போய்விட்டது. தங்கச்சி எழுதிக் கொடுத்த பிறகு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அன்று எனக்கு உறைத்தது இதுதான்: பார்வையாளர் யார் என்பது போலவே அவருக்கு என்ன பாஷை தெரியும், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதும் முக்கியம்.

புகார்ப் பெட்டியும் இருக்கிறது. கண்காணிப்பாளர் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே! அதில் சீட்டுப் போட யாருக்குத் துணிச்சல் வரும்? திகார் சிறைக் கைதி சுனில் பத்ரா அனுப்பிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1979-இல் தீர்ப்பு எழுதிய நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், புகார்ப் பெட்டி மாவட்ட நீதிபதி, ஆட்சியர் பொறுப்பில் இருக்கவேண்டும் என்றார். 1948-இல் தானே சிறையில் இருந்தவர் என்பதால் பெட்டியைவிட சாவி யாரிடம் என்பதுதான் விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பம்பாய்க்கும் இதில் பங்கு உண்டு. பத்திரிகையாளர் ஷீலா பர்சே இங்கே பெண் கைதிகளைச் சந்தித்து எழுதிய கடிதத்தால் வந்த 1983 தீர்ப்பில், நகரின் போலீஸ் லாக்கப்புகளுக்கு ஒரு நீதிபதி, முடிந்தால் பெண் நீதிபதி, சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சொல்லிவிட்டுப் போனால் வெள்ளையடித்த சுவரும் ஏலக்காய் டீயும்தான் கிடைக்கும். 2017 ஜூனில் மும்பை பைகுல்லா பெண்கள் சிறையில் முட்டையும் பாவ் ரொட்டியும் குறைந்த தகராறில் ஒரு கைதி இறந்து, ஊழியர்கள் மேல் கொலை வழக்குப் பதிவானது. பெண்கள் மாடியில் ஏறிக் கத்த வேண்டியிருந்தது, ஊருக்கு அது கேட்க.

பிரிட்டனில் 'பார்வையாளர் குழு' என்ற பெயரையே 2003-இல் 'சுதந்திரக் கண்காணிப்புக் குழு' என்று மாற்றிவிட்டார்கள். சம்பளம் இல்லாத சாதாரண ஜனங்கள்தான் உறுப்பினர்கள். எந்த நேரமும் சிறையின் எந்த மூலைக்கும் போய் எந்தக் கைதியிடமும் பேசலாம். வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய பெயரை நாம் இன்னும் வைத்திருக்கிறோம். பெயர் இருக்கட்டும், அந்த அதிகாரம் வந்தால் போதும்.

நம்மில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் இன்னொன்று. சிறையில் சாதி பார்த்து வேலையும் இடமும் ஒதுக்குவது செல்லாது என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர் மும்பைப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா. அந்தத் தீர்ப்பில் நம்ம பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்த சங்கதியும் வருகிறது. இனி சட்டப் பணிகள் ஆணையமும் பார்வையாளர் குழுவும் சேர்ந்து அடிக்கடி போய்ச் சோதிக்க வேண்டும் என்பது உத்தரவு. குழுவே கூடாத ஊரில் யார் யாரோடு சேர்ந்து போவது என்று ஆசிரியை அக்கா கேட்கிறார்.

நம் ஆச்சி ஒருவரின் பேரன் கதையையும் சொல்லவேண்டும். ஜாமீன் உத்தரவு வந்தும் 24 நாள் உள்ளேயே இருந்தான். ஜாமீன்தாரருக்கு சால்வென்ஸி, அதாவது சொத்து இருப்பதற்கான சான்று, கேட்டார்கள். வாடகைக் குடிசையில் இருப்பவர் எங்கே போவார்? ஒரு வாரத்தில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2023 ஜனவரி 31-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யாரும் தெரிவிக்கவில்லை. தங்கச்சி பட்டியலில் பெயரைப் பார்த்து வக்கீலிடம் சொல்லி, ரொக்க ஜாமீனுக்கு மாற்றி வாங்கினோம். துணியை அரிசிப் பையில் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தவனிடம் ஆச்சி முதலில் கேட்டது, "செருப்பு எங்கலே?"

தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். ஆச்சி பேரன் பெயரை நம் வாட்ஸாப் குழுவில் போட்டது நான்தான். அது தவறு, வீட்டில் போய் மன்னிப்புக் கேட்டேன். மாதம் ஒருமுறை கூடுவோம் என்ற சிறைக் குழு ஐந்தே தடவைதான் கூடியது. சிறை ஊழியர் எல்லாரையும் வில்லனாக நினைத்துப் போனதும் தப்பு. ஒரு ஜெயிலர் அக்காவைத் தனியே கூப்பிட்டு, "நீங்க எழுதுறப்ப இங்க டாக்டர் பத்தலைன்னும் எழுதுங்க, நாங்க எழுதினா யாரும் பார்க்க மாட்டாங்க" என்றாராம்.

வரும் ஆண்டில் பார்வையாளர் நியமனத்துக்கு மறுபடி மனுப் போடவும், தமிழ் பேசும் தன்னார்வலர் பட்டியலைச் சட்டப் பணிகள் ஆணையத்திடம் கொடுக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதல் கேட்கிறேன். தமிழும் மராத்தியும் தெரிந்தவர்கள், முக்கியமாகப் பெண்கள், இன்னும் நாலு பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் டீ மேசை அருகே ஆசிரியை அக்கா இருப்பார். ஆதார் நகல் இரண்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மூன்று.

இப்படிக்கு,
செயலாளர்