நாற்காலி உடைய உதவிய அனைவருக்கும் நன்றி

எங்கள் குறும்படம் ஒருவழியாக முடிந்துவிட்டது. உழைத்தவர்களின் பெயர்கள் படத்தின் கடைசியில் ஓடுகின்றன. ஓடுகிற வேகத்தில் தன் பெயரையே பிடிக்க முடியவில்லை என்று ஒலிப்பதிவாளர் குறைப்பட்டுக்கொண்டார். சரி, யார் என்ன செய்தார்கள் என்பதையாவது நிதானமாகச் சொல்லிவிடலாமே என்றுதான் இந்த மடல்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். பிரிவு உபசார விழாவில் பேசி முடித்து உட்காரப் போகிறார் ஒருவர். நாற்காலி உடைந்து விழுகிறார். யாரோ எடுத்த 8 வினாடி வீடியோ வைரலாகிறது. மறுநாளே விளம்பரம் தேடி வருகிறது, பேட்டி கேட்கிறார்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான்: இன்னொரு தடவை விழுங்கள். அவரும் விழுகிறார். முடியாது என்று மறுக்கும் நாளில்தான் கமெண்டுகள் அவருக்கு எதிராகத் திரும்புகின்றன.

அந்தக் கமெண்டுகளை எழுதிய நண்பர்களுக்குத்தான் பெரிய நன்றி. இணையத்தில் வசவுக்கா பஞ்சம், அப்படியே எடுத்துப் போட்டுக்கொள் என்று பலர் சொன்னார்கள். இவர்கள் ஒரே பிடியாக மறுத்துவிட்டார்கள். நிஜக் கமெண்டுக்குப் பின்னால் நிஜமாகவே அடிபட்ட ஓர் ஆள் இருப்பார், அவரை நாமும் ஒருமுறை அடிக்கவா என்று கேட்டார்கள். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினார்கள். ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது. “அண்ணே, இன்னைக்கு விழலையா?” என்ற வரி முதல் பாதியில் பாசமாகக் கேட்கிறது. கடைசியில் அதே வரி வரும்போது வயிற்றைப் பிசைகிறது. இடையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

கதையைப் படித்துப் பார்த்த மனநல ஆலோசகருக்கும் கடன்பட்டிருக்கிறோம். முகம் தெரியாதது, எதிராளி கண்ணில் படாதது, பதில் உடனே வராதது, இவை சேர்ந்து மனிதர்களின் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடுகின்றன என்று உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் எழுதியதை அவர்தான் காட்டினார். அதே தளர்வு சிலரை வழக்கத்தைவிடக் கனிவாகவும் ஆக்கும் என்று சூலர் சொல்வதையும் விடாமல் சுட்டிக்காட்டினார். அப்படி வந்ததுதான் “அடி ஏதும் பட்டுச்சா?” என்று கேட்கும் பெயரில்லாத கமெண்ட். படத்தில் அதற்கு ஒரு லைக்கும் விழாது.

உதவி இயக்குநர் தம்பி ஒரு காட்சியையே காப்பாற்றினார். பக்கத்து வீட்டுக்காரர் டிஸ்லைக் எண்ணிக்கையைப் படித்துக் காட்டிக் கிண்டல் செய்வதாகக் கதையில் இருந்தது. யூட்யூப் 2021 நவம்பரிலேயே அந்த எண்ணைப் பார்வையாளர்களிடமிருந்து மறைத்துவிட்டது, வீடியோ போட்டவருக்கு மட்டும்தான் தெரியும் என்றார் தம்பி. அப்புறம் என்ன, பக்கத்து வீட்டுக்காரரைத் தூக்கிவிட்டோம். இப்போது நாயகர் தனியாக உட்கார்ந்து, வேறு யாருக்கும் தெரியாத எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் படத்திலேயே பிடித்த இடம் அது.

போன் திரையில் பச்சைத் தாளை ஒட்டிப் படம்பிடித்து, பிற்பாடு கணினியில் அந்த இடத்தில் வேண்டிய காட்சியைப் பொருத்துவதே வழக்கம். ஒளிப்பதிவாளர் சம்மதிக்கவில்லை. கமெண்டுகள் ஓடும் வீடியோவை முன்கூட்டியே செய்து, போனிலேயே ஓடவிட்டுப் படம்பிடித்தார். திரையில் ஓடும் கோடுகளை ஒழிக்க ஷட்டரோடு மல்லுக்கட்டினார். பலன், ஒவ்வொரு கமெண்ட் நகரும்போதும் நடிகரின் கன்னத்தில் வெளிச்சம் அசைகிறது.

கலை இயக்குநர் நாற்காலியின் பின்னங்காலை முக்கால்வாசி அறுத்து, அறுத்த தடத்தில் மெழுகை அடைத்து, அதே நிறத்தைப் பூசி வைப்பார். ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு நாற்காலி. அதில் நம்பி உட்கார்ந்த நடிகரின் இடுப்புக்குத் தனி நன்றி.

விழுவதை முழுதாக ஒரே ஒருமுறை காட்டினால் போதும் என்றவர் எடிட்டர். மற்ற சமயங்களில் விழுவதற்கு ஒரு கணம் முன்பே வெட்டி, போனை உயர்த்திப் பிடித்திருக்கும் கைகளைக் காட்டுகிறார். விழுகிறவரைப் பார்த்துச் சிரிக்கிற சுகத்தைப் படமும் விற்றுவிடக் கூடாதல்லவா? பல நையாண்டிப் படங்கள் சறுக்குகிற இடம் இதுதான் என்பது என் கருத்து.

இசை, ஒப்பனை, உடை, சாப்பாடு என்று தோள்கொடுத்த எல்லோருக்கும் அன்பு. சிரிக்கும் கூட்டமாக வந்து, கேமரா ஓடாத நேரத்திலும் சிரிப்பை நிறுத்த முடியாமல் தவித்தவர்களுக்கும்தான். பணம் கொடுத்தவர்களுக்கு நன்றி. கடனாகக் கொடுத்தவர்கள் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தருள வேண்டும்.