எல்லா அரிப்பும் பூஞ்சை இல்லை

அன்புள்ள சுந்தரி,

பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். நீ கடைசியில் தயங்கித் தயங்கி எழுதிய பிறப்புறுப்பு அரிப்பு விஷயத்துக்கு வருகிறேன். இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

மாதவிலக்கு நின்றபின் வரும் அரிப்புக்கெல்லாம் பூஞ்சை மருந்து வாங்காதே. கேண்டிடா பூஞ்சை ஈஸ்ட்ரோஜன் இருக்கும் உடம்பில்தான் சுலபமாக வளரும். அந்த ஹார்மோன் குறைந்தால் யோனியின் உட்தோல் மெலிந்து வறண்டுபோகும். நல்ல கிருமியான லாக்டோபேசிலஸும் குறையும். அதனால் அங்கே அமிலத்தன்மை குறைந்து, 4.5-க்குள் இருந்த பிஹெச் அளவு 5-ஐத் தாண்டிவிடும். எரிச்சல், உறவின்போது வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு எல்லாம் இதனால்தான். இதற்குப் பூஞ்சை மருந்தான குளோட்ரிமசோலைத் தடவினால் சிலருக்கு இன்னும் எரியும்.

உன்னிடம் இருக்கும் க்ரீம் டியூபில் பொடி எழுத்தைப் படி. பெக்ளோமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், விட்டதும் திரும்பும். நாள்கணக்கில் தடவினால் தோல் இன்னும் மெலியும். நீயாகப் போடாதே.

ஆனால் உனக்குச் சர்க்கரை இருக்கிறதே, அதனால் நிஜமாகவே பூஞ்சையாகவும் இருக்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. பூஞ்சைக்கு அது தீனி. சாப்பிடுகிறாய் என்றால் டாக்டரிடம் சொல், நீயாக நிறுத்தாதே. தயிர்த்திப்பி மாதிரி வெள்ளைப்பட்டு, வாடை இல்லாமல் அரித்தால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். மீன்வாடை அடித்தால் அது பாக்டீரியா, மருந்தே வேறு. பூஞ்சை என்று உறுதியானால் பொதுவாக ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒரே மாத்திரை போதும். சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு உள்ளே வைக்கும் மருந்தை 7 முதல் 14 நாள் வரை நீட்டுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரினோ கொழுப்பு மாத்திரையோ சாப்பிட்டால் ஃப்ளூகோனசோலுக்கு முன்பே சொல்லிவிடு.

வறட்சிதான் என்றால் எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை க்ரீமை, உள்ளே வைக்க எழுதித் தருவார்கள். வழக்கமாக இரவில் படுக்கும்போது அரை கிராம், இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை. முழுப்பலன் தெரியச் சில வாரம் ஆகும். பலரும் முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

டெட்டால் வேண்டவே வேண்டாம். உள்ளே சோப்பும் போடாதே. வெளியே வெறும் தண்ணீர் போதும்.

ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், வெளித்தோலில் வெள்ளைத் திட்டு தெரிந்தாலும் தள்ளிப்போடாமல் உடனே காட்டு. இப்போதைக்கு, பஞ்சுக்குச்சியால் உள்ளே தடவி எடுக்கும் ஸ்வாப் பரிசோதனையும், மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி-யும் எடுத்துவிடு. ஸ்வாபுக்கு முன் இரண்டு மூன்று நாள் உள்ளே எந்த மருந்தும் வைக்காதே, பூஞ்சை இருந்தாலும் தெரியாமல் போய்விடும். ரிசல்ட் வந்ததும் எழுது.

அன்புடன்,
கமலா