இடிக்கும் முன் ஒரு படம் எடுங்கள்

மதிப்பிற்குரிய உள்ளாட்சி ஆணையர்கள், செயல் அலுவலர்கள், பொறியாளர்கள், பணி மேற்பார்வையாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் ஒரே ஒருவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போகும், மற்றவர்கள் நிம்மதியாகிவிடுவீர்கள். காவிரிப் பாசனத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பேருந்து நிலையத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டிய ஊர். இப்போது உங்களில் பாதிப் பேருக்கு நம்ம ஊரோ என்று தோன்றும். தோன்றட்டும்.

போன வாரம் எங்கள் ஊர்க் காய்கறிச் சந்தைச் சுவரில் சிவப்புப் பெயின்டில் அம்புக்குறியும் எண்களும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதைப் பார்த்த அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். சந்தையை இடிக்காதீர்கள் என்று கேட்பதற்காக அல்ல. மழை பெய்தால் அங்கே கத்திரிக்காய் மிதக்கும், எனக்கும் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். இடிக்கும் முன் படம் எடுங்கள். எடுத்த படத்தை ஊர்க்காரர்களுக்குக் காட்டுங்கள்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு மடலா என்று கேட்பீர்கள். என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்பா பழைய பேருந்து நிலையத்தில் 31 வருடம் பழக்கடை வைத்திருந்தார். கிழக்கு வாசலில் நுழைந்ததும் இடது கைப் பக்கம், வேப்ப மரத்துக்கு அடுத்த கடை. மேலே பூவன் தார், கீழே சாத்துக்குடி, ஓரத்தில் ஊதுவத்தி சொருகிய வாழைப்பழம் ஒன்று. ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர்களும் சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர்களும் அங்கேதான் வாங்குவார்கள். பஸ் நகர்ந்துகொண்டிருக்கும்போதே ஜன்னலுக்குள் பையைக் கொடுத்துவிட்டு, கூடவே ஓடிச் சில்லறை வாங்குவார். ஒரு ரூபாய்கூடத் தவறியதில்லை என்பது அவர் சொல்லும் கணக்கு.

அவருக்கு இப்போது மறதி நோய். காலையில் நான் யார் என்று தெரிகிறது, சாயங்காலம் தெரிவதில்லை. ஆனால் விடிகாலை ஐந்து மணிக்கு மட்டும் தவறாமல் எழுந்துவிடுகிறார். "சாவியை எங்கடா வச்சே? மொத பஸ் வந்துரும்" என்று சட்டையைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். கதவைப் பூட்டினால் அழுகிறார். ஒரு நாள் சரி என்று வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். புதிய பேருந்து நிலையத்தின் கிழக்கு வாசலில் இறக்கிவிட்டேன். கண்ணாடியும் எஸ்.எஸ். கைப்பிடியும் கட்டண வாகன நிறுத்தமுமாக இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, வேற ஊர்ல வந்து எறங்கிட்டோம். திரும்பிப் போக சோழன் பஸ் எத்தன மணிக்குன்னு கேளு" என்றார்.

சோழன் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரே 1997இல் பஸ்களிலிருந்து போய்விட்டது. அதை அவருக்கு எப்படிச் சொல்வது?

பழைய படங்களைக் காட்டிப் பேசிப் பாருங்கள், மனசு கொஞ்சம் அடங்க வாய்ப்பிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. வீட்டில் இருந்த ஆல்பம், டிரங்குப் பெட்டி, பரண் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தோம். அப்பாவின் படங்கள் இருக்கின்றன. ஸ்டூடியோவில் எடுத்தவை. பின்னால் திரைச்சீலையில் வரைந்த ஒரு மாளிகை, படிக்கட்டு, அன்னப்பறவை. எங்கள் ஊரில் அன்னப்பறவை ஏது? அக்கா கல்யாணப் படங்களில் மண்டபம் இருக்கிறது, மாலை இருக்கிறது, யாரோ ஒருவர் கண் மூடியிருக்கிறார். ஊர் இல்லை. நாங்கள் ஊரைப் படமெடுக்கவே இல்லை. பிலிம் சுருளுக்கு 36 படம்தான். அதை யார் பஸ் ஸ்டாண்டுக்குச் செலவழிப்பார்கள்? அது எங்கே போய்விடப்போகிறது என்று இருந்துவிட்டோம். தப்பு எங்கள் மேலும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

கணினியில் தேடினேன். கூகுளின் தெருக்காட்சி வசதி இந்தியாவுக்கு 2022இல்தான் வந்தது. அதுவும் முதலில் 10 நகரங்களில். எங்கள் நிலையம் அதற்கு முன்பே தரைமட்டம். செயற்கைக்கோள் படத்தில் பழைய வருடத்துக்குப் பின்னோக்கிப் போனால் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரமும் பக்கத்தில் பச்சைப் புள்ளி ஒன்றும் தெரிகின்றன. அந்தப் பச்சைதான் வேப்ப மரம். அப்பாவிடம் காட்டினேன். அவர் அந்த இடத்தை ஒரு நாளும் மேலிருந்து பார்த்தவர் இல்லையே. "என்னடா இது, சிமென்ட் தொட்டியா?" என்றார்.

கடைசியாகத்தான் அலுவலகத்தின் நினைவு வந்தது. உங்கள் வழக்கம் எனக்குக் கொஞ்சம் தெரியும். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் ஒரு வாய்க்கால் வெட்டினால்கூட வேலைக்கு முன், வேலை நடக்கும்போது, வேலை முடிந்த பின் என்று மூன்று கட்டமாக, அட்சரேகை தீர்க்கரேகையோடு படம் கேட்கிறார்கள். அப்படியிருக்க, கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு பேருந்து நிலையம் கட்டும்போது பழைய கட்டடத்தை ஒருவரும் ஒரு தடவைகூடப் படமெடுத்திருக்கமாட்டார்களா? மதிப்பீடு போட்டபோது, கடைகளைக் காலி செய்யச் சொன்னபோது, இடிப்புக்கு ஏலம் விட்டபோது?

எடுத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டேன். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில். சட்டம் சொல்வது 30 நாள். பதில் வர அதையும் தாண்டிவிட்டது. ஒரே வரி: தாங்கள் கோரும் தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை. நேரில் போய்க் கேட்டேன். ஒருவர் மிக அன்பாகவே சொன்னார், "சார், காண்ட்ராக்டர் எடுத்திருப்பாரு. அவர் போனை மாத்திட்டாராம்." இன்னொருவர், "பழைய பஸ் ஸ்டாண்டு போட்டோ எதுக்கு சார், புதுசு சூப்பரா இருக்கே" என்றார்.

நாங்கள் என்ன செய்து வைத்திருக்கிறோம் தெரியுமா? 31 வருடத்துக்கான கடை வாடகை ரசீதுகள் அப்பாவின் பெட்டியில் வருடவாரியாக, நூல் கட்டி இருக்கின்றன. வாடகை ஒரு மாதம் தள்ளிப்போனால் உங்கள் அலுவலகங்களிலிருந்து வரும் அறிவிப்புகளும் அதிலேயே இருக்கின்றன. வாங்கிய பணத்துக்கு ஒழுங்காக எழுதி வைத்தீர்கள். வாங்கிய இடம் எப்படி இருந்தது என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் திரும்பவும் கேட்கிறேன். இடிக்கும் முன் படம் எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள்.

இது ஏதோ முன்னே பின்னே நடக்காத கோரிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். சென்னை மாகாண அரசு 1856இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை அரசுப் புகைப்படக்காரராகவே நியமித்தது. கேமராவையும் ரசாயனப் புட்டிகளையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு அவர் ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை விடாமல் 21 படங்களாக எடுத்து, ஒன்றாக ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளும் ஒரே படமாக்கி வைத்தார். கம்பெனி ஆட்சி ஊரைச் சுரண்டியது, சந்தேகமே இல்லை. ஆனால் படம் எடுத்தது. செலவு அதிகம் என்று கொஞ்ச காலத்திலேயே அந்த வேலையை மாகாண அரசு நிறுத்தியும்விட்டது. அந்தக் காரணமாவது அவர்களுக்கு இருந்தது. உங்களுக்கு அதுவும் இல்லை. உங்கள் கேமரா உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

கோயில் என்றால் படத்துக்குப் பஞ்சமில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் மட்டுமே லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் கோயில்களும் சிற்பங்களும். பழைய ஸ்டூடியோக்களின் படங்களைக்கூடத் தேடித்தேடி மின்படமாக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் பேருந்து நிலையம், மண்டி, சந்தை, தண்ணீர்த் தொட்டி, தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர்கள் உட்காரும் தகரக் கொட்டகை இதையெல்லாம் எந்த ஆய்வாளர் வந்து எடுப்பார்? மாநிலப் பாரம்பரிய ஆணையத்துக்கென 2012இல் சட்டம் இயற்றினோம், நடைமுறைக்குக் கொண்டுவர 2024 ஆகிவிட்டது. பாரம்பரியச் சின்னங்களுக்கே 12 வருடம் என்றால் எழுபதுகளில் கட்டிய ஒரு கான்கிரீட் கொட்டகையை யார் சீந்துவார்கள்? அது அழகான கட்டடமும் இல்லை. மூத்திர நாற்றம் அடிக்கும், கூரை ஒழுகும், மாடு படுத்திருக்கும். ஆனாலும் கல்லூரிக்குப் போனவர்களும் வளைகுடாவுக்குப் போனவர்களும் அந்த வாசல் வழியாகத்தான் போனார்கள். ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் முதலில் பார்த்ததும் அதைத்தான்.

படமே எடுக்கத் தெரியாதவர்கள் என்று உங்களைச் சொல்ல முடியாது. புதிய நிலையத்தின் திறப்பு விழாவுக்கு மூன்று புகைப்படக்காரர்கள், தலைக்கு மேல் ஒரு டிரோன். ரிப்பன், கத்தரிக்கோல், கத்தரிக்கோல் வைத்த தட்டு, தட்டைப் பிடித்தவர் என்று எல்லாமே படத்தில் இருக்கின்றன. வாசலில் ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் எழுதி, முன்னால் ஒரு இதயம் வைத்து, செல்ஃபி எடுத்துக்கொள்ள இடமும் விட்டிருக்கிறீர்கள். ஊரை நேசிக்கச் சொல்கிறீர்கள், சரி. எந்த ஊரை? கல்வெட்டில் 14 பேர் பெயர் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று ஒரு வரி இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் பழைய தாரைச் சுரண்டாமலே மேலே மேலே ரோடு போட்டுப் போட்டு, நாங்கள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்த திண்ணை இப்போது ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று போய்ச் சொன்னால், ரோடு எப்போதும் இந்த உயரம்தானே என்கிறார்கள். இல்லை என்று நிரூபிக்க எங்களிடம் என்ன இருக்கிறது? வாய்க்கால் ஓடிய இடத்திலும் இதே கதைதான். புல வரைபடத்தில் கோடு இருக்கும், தரையில் கடை இருக்கும். ஒரு பழைய படம் இருந்தால் அது ஏக்கம் மட்டும் அல்ல, சாட்சியும்கூட. சிலருக்குப் படம் இல்லாமலிருப்பதே வசதியோ என்று சில சமயம் சந்தேகம் வருகிறது.

மன்னிக்கவும். சண்டைக்கு வரவில்லை, கேட்கத்தான் வந்தேன்.

மேட்டூர் அணையில் நீர்மட்டம் நன்றாக இறங்கினால், பண்ணவாடிப் பக்கம் அணைக்குள் மூழ்கிப்போன ஊர்களின் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அந்த ஊர்களின் பேரப்பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். எங்கள் பேருந்து நிலையத்தின் செங்கல் எந்தப் பள்ளத்தை நிரப்பியது என்று எங்களுக்குத் தெரியாது. தண்ணீர் வற்றினாலும் அது தெரியப்போவதில்லை.

ஆகவே தயவுகூர்ந்து ஒன்று செய்யுங்கள். எந்தக் கட்டடத்தையும் தெருவையும் மரத்தையும் அகற்றும் முன், நாலு பக்கமும் உள்ளேயும் படம் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள். முடித்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தோடு அந்தப் படங்களும் வராவிட்டால் இடிப்பு பில்லை நிறுத்தி வையுங்கள். படங்களை யாரும் பார்க்கும்படி வையுங்கள். மனுப் போடாமலே தகவலைத் தர வேண்டும் என்று அதே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது. ஏற்கெனவே இடித்தவற்றின் படங்கள் ஏதாவது கோப்பில், ஏதாவது பழைய கணினியில், ஓய்வுபெற்றுப் போன யாருடைய பென்டிரைவிலாவது இருந்தால் தேடிப் பாருங்கள்.

எங்கள் சந்தையைப் பற்றி ஒரு குறிப்பு. செவ்வாய்க்கிழமைதான் வாரச்சந்தை. அன்று காலை ஏழு மணிக்கு முன் எடுத்தால் தரைக்கடைக்காரர்கள் எல்லோரும் இருப்பார்கள். தெற்கு மூலையில் வெற்றிலை விற்கும் பாட்டி படம் எடுத்தால் திட்டும். ஒரு கவுளி வாங்கிக்கொண்டால் திட்டாது.

அப்பாவுக்காகக் கேட்பது ஒரே ஒரு படம். கிழக்கு வாசலும் வேப்ப மரமும் தெரிந்தால் போதும், கடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மங்கலாக இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன். நகல் கட்டணம் எவ்வளவு என்று தெரிவித்தால் மறுநாளே கட்டிவிடுகிறேன். ரசீது கொடுங்கள், அதையும் சேர்த்துக் கட்டி வைக்க அப்பாவின் பெட்டியில் நூல் இருக்கிறது.

இப்படிக்கு,
கிழக்கு வாசல் பழக்கடைக்காரர் மகன்