எங்கள் நோன்னோவைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு

அன்புள்ள அயலவர்களுக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

போன சனிக்கிழமை எங்கள் நோன்னோவின் முப்பதாம் நாள் பூசை முடிந்தது. தமிழர்கள் நாங்கள் 31ஆம் நாள் செய்வோம், இத்தாலியக் கத்தோலிக்கர் 30ஆம் நாள் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். ஒரு நாள்தான் வித்தியாசம். நோன்னோ என்றால் இத்தாலிய மொழியில் தாத்தா. என் கணவரின் அப்பப்பா அவர். யாழ்ப்பாணத்தில் இருந்த என் சொந்த அப்பப்பாவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு வாய்த்த ஒரே அப்பப்பா இவர்தான்.

இத்தாலிய மொழியிலும் ஆங்கிலத்திலும் என் மாமி நன்றி எழுதிவிட்டார். தமிழில் நான் எழுதுகிறேன். கடைசி ஒன்றரை வருடம் அவருக்குக் கைகொடுத்தவர்களில் பாதிப்பேர் தமிழர்கள், அவர்களுக்கு அவர்களுடைய மொழியில் நன்றி போய்ச் சேர வேண்டும்.

அவரைப் படுக்கையில் மட்டுமே கண்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1956இல், 19 வயதில், தென் இத்தாலியில் கலாப்ரியாவின் ஒரு மலைக் கிராமத்திலிருந்து கப்பலேறி ஹாலிஃபாக்ஸில் பியர் 21 துறையில் இறங்கினார். அங்கிருந்து ரயிலில் ரொறன்ரோ. கொலேஜ் வீதிக்குப் பக்கத்தில் ஊர்க்காரர் ஒருவரின் வீட்டில், ஓர் அறைக்கு நாலு பேராக இருந்தார்கள். முதல் மூன்று கிழமை வேலை கிடைக்கவில்லை. அந்த வீட்டு அம்மா வாடகையும் கேட்காமல், சாப்பாடும் போட்டு, உடுப்பும் தோய்த்துக் கொடுத்தாராம். அந்தக் காசை நோன்னோ எப்போதோ கொடுத்துத் தீர்த்துவிட்டார். ஆனாலும் அந்த அம்மா கண்மூடும் வரை ஒவ்வொரு ஆவணியும் தக்காளிச் சாறு போத்தல்கள் ஒரு பெட்டி அவர் வீட்டு வாசலுக்குப் போகும். வாங்கிய உதவியை அப்படியே விட்டுவிட அவரால் முடியாது.

வேலை நிலத்துக்கு அடியில். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய்ச் சுரங்கங்கள். 1960 மார்ச் 17 அன்று ரொறன்ரோவில் ஹாக்ஸ் ஹாலோ என்ற இடத்தில், டொன் ஆற்றுக்குக் கீழே, ஒரு குழாய்ச் சுரங்கத்தில் தீப்பிடித்து ஐந்து இத்தாலியத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் அண்ணன் தம்பி. அதற்குப் பிறகுதான் வேலைநிறுத்தங்கள் நடந்து, மாகாணத்தின் பாதுகாப்புச் சட்டங்கள் மாறின. நோன்னோ அன்று வேறொரு சுரங்கத்தில் இருந்தார். அவருடைய தம்பியும் அப்போது அதே வேலையில்தான். அன்றிலிருந்து தம்பியை அவர் கீழே இறங்க விடவில்லை. சண்டை பிடித்து மேசன் வேலைக்கு அனுப்பினார். தான் மட்டும் இன்னும் பதினைந்து வருடம் இறங்கினார். அந்தச் சம்பளத்தில் இரண்டு தங்கைகளைக் கூப்பிட்டார், தன் மனைவியை, எங்கள் நோன்னாவை, கூப்பிட்டார், அப்புறம் நோன்னாவின் அம்மாவையும். யோர்க் மில்ஸ் ரயில் நிலையத்தில் அந்த ஐவருக்காகத் துணியில் தைத்த நினைவுச் சித்திரம் ஒன்று இருக்கிறது. மார்ச் வந்தால் அதன் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு ஐந்து பெயரையும் சத்தமாகச் சொல்வார். அவரை அங்கே கூட்டிக்கொண்டு போவது என் கணவரின் கடமை.

எனக்கு அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். மகள் பிறந்தபோது அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் கதவு தட்டிக் கேட்டது. நோன்னோ. சுரங்க வேலைக்குக் கொண்டுபோன அதே தகரச் சாப்பாட்டுப் பெட்டி கையில், மூடியில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். உள்ளே கோழி ரசம், அதில் மிளகளவு சின்னப் பாஸ்தா. பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் வீடுகளில் சரக்குக் கறி கொடுப்பார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். என்னென்ன போடுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு கடதாசித் துண்டில் எழுதிக்கொண்டு போனார். அடுத்த நாள் ரசத்தில் மல்லியும் மிளகும் மஞ்சளும் உள்ளியும் மணந்தன. நாற்பது நாளும் வந்தார். ஒரு நாளாவது உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. பெட்டியைத் தந்து, முந்திய நாள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, “மாஞ்ஜா, ஃபீல்யா மீயா” என்பார். சாப்பிடு, என் மகளே.

அப்படிப்பட்டவருக்குப் பாரிசவாதம் வந்து, வலப்பக்கம் விழுந்து, ஐம்பது அறுபது வருடம் கதைத்த ஆங்கிலமும் போய்விட்டது. மிஞ்சியது கலாப்ரியப் பேச்சு மட்டும்.

இனி உங்களுக்கு. காலையும் மாலையும் வந்து குளிப்பாட்டிய வவுனியாத் தங்கைக்கு: அந்தப் பேச்சில் முப்பது சொல்லாவது நீங்கள் பாடமாக்கி வைத்திருந்தீர்கள். தண்ணீர், வலி, குளிர், ஜன்னல். ஒவ்வொரு முறையும் தொடுவதற்கு முன் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொட்டீர்கள். அதை நாங்கள் மறக்க மாட்டோம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்கே வந்து சவரம் செய்து, காசு வாங்க மறுத்த சலூன்காரத் தம்பிக்கும், விடியமுன் எங்கள் வாசல் பனியையும் சேர்த்து வழித்த எதிர்வீட்டு ஐயாவுக்கும், மாலைகளில் சீட்டாட வந்து, அவர் இடக்கையால் மெதுவாகச் சீட்டைப் போடும்வரை பொறுத்திருந்த பழைய வேலைத்தோழர்கள் இருவருக்கும் நன்றி.

அத்திமரத்துக்காகத் தனியே நன்றி சொல்ல வேண்டும். 1967இல் தகப்பனின் செத்தவீட்டுக்குப் போய், திரும்பி வரும்போது தோட்டத்து மரத்திலிருந்து ஒரு தடியை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாராம். இந்த ஊர்க் குளிரை அத்தி தாங்காது. கார்த்திகையில் கிளைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு பக்க வேரை மண்வெட்டியால் அறுத்து, மரத்தை மெதுவாகச் சரித்துக் குழிக்குள் படுக்க வைத்து, மேலே பலகை, பழைய கம்பளம், சருகு, கடைசியாக மண் போட வேண்டும். இந்த வருடம் பக்கத்து வீட்டுப் போர்த்துக்கீசரும் அடுத்த தெருத் தமிழ்ப் பெடியன்கள் இருவரும் அதைச் செய்தார்கள். நோன்னோ சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் இருந்தார். கயிறு தளர்ந்தால் இடக்கையால் கண்ணாடியில் தட்டுவார். மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்து, திரும்பவும் கட்டுவார்கள். நாலு மணித்தியாலம் எடுத்தது. ஒருவரும் அவசரப்படவில்லை. அதற்குப் பிறகு பதினொரு நாள்தான் அவர் இருந்தார்.

செத்தவீட்டு மூன்று நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. கலாப்ரியாவிலும் அதுதான் வழக்கம், அயலவர்கள்தான் சாப்பாடு கொண்டுவருவார்கள். அதற்குக் குன்சுலு என்று பேர். இத்தாலிய வீடுகளிலிருந்து சூப்பும் பாணும் வந்தன. தமிழ் வீடுகளிலிருந்து புட்டும் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தன. உங்களுக்கும் குன்சுலு இருக்கிறதா என்று நோன்னா கேட்டார். ஓம் என்றேன். இரண்டு நாளாக ஒன்றும் தொடாமல் இருந்தவர், பிறகு ஒரு பிடி புட்டுச் சாப்பிட்டார். அந்தப் புட்டு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. வாசிக்கிறீர்கள் என்றால், உங்களுக்கும் நன்றி.

நிலவறை அலுமாரியில் இந்த ஆவணியில் போட்ட தக்காளிச் சாறு 61 போத்தல் இருக்கிறது. பழத்தை நாங்கள் வெட்டினோம், உப்பை அவர்தான் இடக்கையால் போட்டார். வரும் கிழமைகளில் உங்கள் வாசலுக்கு ஆளுக்கொரு போத்தல் வரும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ஏப்ரல் கடைசியில், மண் இளகியதும், அத்திமரத்தை நிமிர்த்தப் போகிறோம். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்குவோம். மண்வெட்டி எங்களிடம் இருக்கிறது, கையுறை மட்டும் கொண்டுவாருங்கள். மதியச் சாப்பாடு நோன்னா சமைப்பார்.

அன்புடன்,
அவருடைய பேரனின் மனைவி, குடும்பத்தார் எல்லோர் சார்பிலும்