நாலு கட்டையில் பாடினால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு வந்த வாசகர் கடிதம் ஒன்றில், டிவி பாட்டுப் போட்டியில் பாடும் ஒரு பெண்ணைப் பற்றி, "ஆம்பளைக் குரல், இதையெல்லாம் எப்படி உள்ளே விடுகிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவே இல்லை.

1950-இல் கியூபாவின் தலைநகரான ஹவானாவிலும் இப்படித்தான் கடிதம் போட்டார்கள். சொனோரா மத்தான்சேரா என்ற பேர்பெற்ற இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்த மீர்த்தா சில்வா விலக, அந்த இடத்துக்கு வந்தவர் செலியா குரூஸ், வயது 24. ரேடியோ நேயர்களுக்குப் பழைய குரல்தான் வேண்டும், இவரை எடுத்துவிடுங்கள் என்று எழுதித் தள்ளினார்கள். குழுத் தலைவர் ரொஹேலியோ மார்த்தீனெஸ் அசைந்து கொடுக்கவில்லை. பெண் பாடினால் ரும்பா என்ற கியூப நடனப் பாட்டு விற்காது என்று ரெக்கார்டு கம்பெனி இழுத்தபோதும் விடாமல் நின்று பதிவு செய்ய வைத்தார். ரெக்கார்டு விற்றது. அப்புறம் 15 வருஷம் செலியா அந்தக் குழுவோடுதான் பாடினார்.

கனத்த, அடியிலிருந்து எழும்பி வருகிற குரல் அவருடையது. கொஞ்சலோ குழைவோ அதில் தேட வேண்டாம். 1974-இல் இசைக்கலைஞர் ஜானி பச்சேகோவோடு பாடிய 'கிம்பாரா' பாட்டைக் கேளுங்கள்: அர்த்தம் பார்க்கத் தேவையில்லாத சொற்களை, நம்ம கொன்னக்கோல் மாதிரி, அடுக்கிக்கொண்டே போவார், பின்னால் அத்தனை தாளக் கருவிகளும் துரத்தும், ஒரு மயிரிழை பிசகாது. சல்சா என்ற லத்தீன் அமெரிக்க நடன இசைக்கே ராணி, 'சல்சாவின் ராணி' என்று உலகமே கொண்டாடியது இந்தக் குரலைத்தான்.

செலியாவின் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், மகள் டீச்சராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். 1960-இல் கச்சேரிக்காக மெக்சிகோ போன செலியாவை, புரட்சிக்குப் பின் வந்த காஸ்ட்ரோவின் அரசு திரும்ப நாட்டுக்குள் விடவே இல்லை. 1962-இல் அம்மா இறந்தபோது முகம் பார்க்கக்கூடப் போக முடியவில்லை. 1990-இல் கியூபாவிலேயே குவாந்தனாமோவில் உள்ள அமெரிக்க ராணுவத் தளத்துக்குப் பாடப் போனபோது கியூபா மண்ணில் ஒரு பிடி எடுத்து வந்து பத்திரமாக வைத்திருந்தார். 2003-இல் அவரை நியூயார்க்கில் அடக்கம் செய்தபோது அந்த மண்ணையும் கூடவே வைத்தார்கள். இதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

என் அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு நாலு கட்டைதான் சுகமான சுருதி. பாட்டு வகுப்பில் எல்லாப் பெண்களையும் அதைவிட உயர்ந்த ஐந்தரைக் கட்டையில்தான் பாட வைக்கிறார்கள். மேல் ஸ்தாயி ஷட்ஜத்தில் கழுத்து நரம்பு புடைத்து, குரல் கீச்சென்று பிளந்து, வீட்டுக்கு வந்து வெந்நீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். "பொண்ணு குரல் மாதிரியே இல்லையே" என்று அவளையும் சொன்னார்கள்.

சரி, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுதலாம், அது வாசகர் உரிமை. சுருதி விலகினால், தாளம் தவறினால் தாராளமாகச் சொல்லட்டும். ஆனால் பிறவியிலேயே வந்த குரலைக் குற்றம் என்று எழுதும் வரியை அச்சேற்றுவதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை யோசிக்க வேண்டும். அந்தப் போட்டிப் பெண்ணும் உங்கள் பத்திரிகையைப் படிப்பாள்.

அக்கா மகளை அந்த வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டோம். இப்போது பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டியம்மாவிடம் போகிறாள். முதல் நாளே சுருதிப் பெட்டியை நாலில் வைத்துவிட்டு, "உன் குரலுக்கு இதுதான், பாடு" என்றாராம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை